வாஸ் எழுதிக் கொடுத்த சீட்டு

சிகாகோ, வியாழன்

அன்புத் தங்கை லியோனாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

ஆட்டக்காரர் டோனலி கையெழுத்திட்ட, என் எம்மெட் சாகும்வரை சேர்த்துவைத்த பழைய பேஸ்பால் பட அட்டைகளை இங்கே அட்டைக் கண்காட்சியில் வியாபாரி வாஸிடம் மதிப்பிடக் கொடுத்தேன். "பந்தடிக்கிறவன் இவ்வளவு அழகா எழுதுவானா, பாட்டி? உங்க வீட்டுக்காரரே போட்டிருப்பாரு!" என்று சிரித்தான். டோனலியும் நம் பள்ளியில் கன்னியாஸ்திரிகளின் பிரம்புக்குப் பயந்து அழகாக எழுதப் பழகியவர்தானே!

"என் வீட்டுக்காரர் போட்ட போலின்னு அதையே ஒரு சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பா," என்றேன். கொடுத்தான்.

அங்கிருந்த நிபுணர்கள் கையெழுத்து அத்தனையும் டோனலியின் அசல் என்று சான்றளித்தார்கள். வாஸுக்கு எதிர்மேசையில் கடை போட்டிருந்த வியாபாரிக்கு விற்றேன், வாஸின் சீட்டையும் அட்டைகளோடு பார்வைக்கு வைக்கும் நிபந்தனையோடு. கூட்டம் படித்துச் சிரிக்கிறது.

"அந்தச் சீட்டை எடுத்துடச் சொல்லுங்கம்மா," என்று வாஸ் கெஞ்சினான்.

"செத்தவரைச் சொல்லிச் சிரிச்சியே, இப்பவும் சிரி."

ஞாயிறு மூடும்வரை இங்கேதான் நிற்பேன். செவ்வாய் ரயிலடிக்கு வா. வெறும் வீட்டுக்குள் தனியாக நுழைய மனமில்லை. தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன் அக்கா,
கோர்டீலியா