ஓகூனுக்கு ஒரு டின்

ஏப்ரல் 23, 2002, செவ்வாய்

இன்றைய ரேஷன் காப்பியில் காப்பியை விட வறுத்த பட்டாணியே அதிகம். முழங்கால் வலி நேற்றைப் போலவே. காலை ஆறு பத்துக்கு 1318-ஆம் எண் டீசல் இன்ஜின் என் சமையலறைச் சன்னலை உரசுவது போலக் கடந்து ஆலைக்குப் போனது. பதினான்கு கரும்புப் பெட்டிகள்தான். முன்பெல்லாம் முப்பதுக்குக் குறையாது. கப் அண்ட் சாஸர் அதிர்வதைக் கொண்டே எத்தனை பெட்டி என்று சொல்லிவிடுவேன். இருபத்தாறு ஆண்டு ஆலையின் தொழில்நுட்ப அலுவலகத்தில் இருந்து, பதினேழு ஆண்டு ஓய்வில் இருந்து, நான் சேர்த்த திறமைகளில் இதுவும் ஒன்று. பயன் ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டு ஒடாலிஸ் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். ஆலையின் பணியாளர் பிரிவில் எழுத்தராக இருப்பவள். எந்தச் செய்தியும் அவளிடம் ஓர் இரவு தங்காது.

“எர்மெலிந்தா அக்கா, இந்த வாரத்தோட அரவை முடியுதாம்.”

“வருஷா வருஷம் முடியறதுதானே?”

“இந்தத் தடவ முடியறது வேற மாதிரின்னு பேசிக்கறாங்க.”

சர்க்கரை இல்லாமல் போனால் இந்த நாட்டில் என்ன மிஞ்சும்? வானொலி. அது மிஞ்சும்.

ஜூன் 11, செவ்வாய்

பேசிக்கொண்டது உண்மை. சங்கக் கூடத்தில் எல்லோரையும் கூட்டிச் சொன்னார்கள். எங்கள் ஆலை இனி அரைக்காது. சிலருக்கு வேறு ஆலை, மற்றவர்களுக்கு வகுப்பறை. சம்பளத்தோடு படிக்கலாமாம். யாரும் அழவில்லை. ஒருவர் கைதட்டினார், பழக்க தோஷம்.

இரண்டு சோவியத் டீசல்களும் சான் இலாரியோ ஆலைக்குப் போகின்றன. அங்கும் இதே அளவுக் குறுகிய பாதை. கூட்டம் முடிந்ததும் நிர்வாகி ரிகோபெர்தோ என்னிடம் வந்தார். முப்பத்து நான்கு வயது; சட்டையில் எப்போதும் இரண்டு பேனா. வண்டிகளோடு அனுப்ப வேண்டிய கையேடு கந்தலாகிவிட்டதாம், திரும்பத் தட்டச்சு செய்து தர முடியுமா என்றார்.

“நீங்க மொழிபெயர்த்ததுதானே, இஞ்சினியரம்மா. உங்கள விட்டா யாரு?”

யாரும் இல்லை என்பது எனக்கே தெரியும். ஆனாலும் யோசிப்பது போலச் சற்று நேரம் நின்றேன்.

ஜூன் 14, வெள்ளி

நாற்பது பக்கம் முடிந்தது. என் நடை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. 1981-இல் இயந்திரங்கள் வந்திறங்கியபோது ரஷ்ய மொழி தெரிந்தவள் நான் ஒருத்தி. வானொலிப் பாடத்தில் கற்ற ரஷ்யம். அச்சுப் புத்தகம் வரும் முன்பே, மங்கிய நகல் தாள்களை வைத்து ஆறு வாரத்தில் முடித்தேன். சான் இலாரியோ உட்பட மூன்று ஆலைகள் இதைப் படியெடுத்துக்கொண்டன.

தட்டச்சு செய்யும்போது எதிர் வீட்டு எலாதியோ கண்ணில் பட்டார். முற்றத்தில் கோழி துரத்திக்கொண்டிருந்தார். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. 1983-இல் அவர் பணிமனைத் தலைமை மெக்கானிக். கையேட்டின்படி கியர்பெட்டியில் எண்ணெய் அளந்து ஊற்றிய பிறகு, ஒவ்வொரு முறையும் ஒரு டின் கூடுதலாக ஊற்றச் செய்தார். கேட்டால், “ஓகூனுக்கு” என்பார். இரும்புக்கும் தண்டவாளத்துக்கும் உரிய தெய்வம். சேவலையும் ரம்மையும் கண்ட இடத்தில் வாங்கிக்கொள்வது. எண்ணெய்க்குத் தட்டுப்பாடு இருந்த ஆண்டு அது. மூடநம்பிக்கையால் பொதுச் சொத்து விரயம் என்று நான் அறிக்கை எழுதினேன். மூன்று ஆண்டு அவரைத் தண்டவாளப் பராமரிப்புக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது தலைமைப் பதவி இல்லை.

அறிக்கை சரியான அறிக்கை. இன்று எழுதினாலும் அப்படித்தான் எழுதுவேன்.

ஜூன் 19, புதன்

வேறு வேலை இல்லாததால் என் மொழிபெயர்ப்பை ரஷ்ய அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிடத் தொடங்கினேன். பின்னால் வந்து சேர்ந்த அந்தப் புத்தகத்தை நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. திறக்க என்ன அவசியம், நான்தான் முடித்துவிட்டேனே!

பக்கம் நாற்பத்தொன்று. கியர்பெட்டியின் எண்ணெய் அளவு. என்னுடைய வாக்கியம்: “இன்ஜின் குளிர்ந்து நிற்கையில் அளக்கவும்.” அச்சில் இருப்பதோ: இன்ஜின் சுமையின்றி ஓடுகையில் அளக்கவும்.

ஹலோத்னி என்றால் குளிர்ந்தது. ஹலஸ்தோய் என்றால் சுமையின்றி ஓடுவது. ரஷ்ய எழுத்தில் மூன்றே எழுத்து வித்தியாசம். மங்கிய தாளில் ஒன்றை மற்றொன்றாகப் படித்திருக்கிறேன்.

இன்ஜின் நிற்கும்போது மேலே இருக்கும் எண்ணெயெல்லாம் அடியில் வடிந்து, அளவுக் கம்பி நிறைவு காட்டும். ஓடத் தொடங்கியதும் எண்ணெய் மேலே ஏறிவிடும். அடியில் பற்றாமல் போகும். என் கையேட்டின்படி ஊற்றினால் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு முறை போட்டேன்.

ஒரு டின்.

ஹலஸ்தோய் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு: மணமாகாதவன். எதையும் இழுக்காமல் வெறுமனே ஓடும் இன்ஜினுக்கு ரஷ்யர்கள் அந்தச் சொல்லையே வைத்திருக்கிறார்கள். மணமாகாத நான் படிக்கத் தவறியது அந்தச் சொல்லைத்தான். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஜூன் 20, வியாழன்

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எழுத்து மாறவில்லை.

ஜூன் 24, திங்கள்

திருத்தினேன். வாக்கியத்தை மாற்றினேன், அவ்வளவுதான். அடிக்குறிப்பு எதுவும் சேர்க்கவில்லை. ரிகோபெர்தோ புதிய பிரதியைப் புரட்டிவிட்டு, நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நிற்காமலே, அருமை என்றார். ஜூலை இருபத்தாறு புரட்சி நாள் விழாவில் எனக்குப் பாராட்டுப் பட்டயம் தரப்போகிறார்களாம். “இருபத்தோரு வருஷம் ஒரு குறை சொல்ல முடியாத புஸ்தகம்” என்று அதில் எழுதப்போகிறார்களாம்.

நன்றி சொன்னேன். சொன்னேனா? ஆம், சொன்னேன்.

ஜூன் 27, வியாழன்

ஒடாலிஸ் வாழைக்காய் வறுவல் கொண்டுவந்தாள். அவள் வறுவல் கொண்டுவந்தால் கூடவே ஏதோ செய்தி இருக்கிறது என்று பொருள்.

“எலாதியோவ ஸ்கூலுக்கு அனுப்புறாங்க அக்கா! ஐம்பத்தாறு வயசுல ஸ்லேட்டு பிடிக்கப் போறாரு.”

“வண்டிகளோட சான் இலாரியோவுக்குப் போவாருன்னு நெனச்சேன்.”

“அவருதான் கேட்டாரே. கொடுக்கல. ஃபைல்ல பழைய பேப்பர் ஒண்ணு கெடக்குல்ல, எண்ணெய் விரயம்னு. அப்படிப் பேப்பர் இருந்தா இடமாற்றம் கெடையாதாம்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வறுவல் ஆறிடும், சாப்பிடுங்க” என்றாள்.

எழுதியது நான் என்று தெரியாமல் சொல்லியிருப்பாளோ? இல்லை. தெரிந்துதான் வந்தாள்.

ஜூலை 1, திங்கள்

மூன்று நாளாக என் குரலை நானே கேட்கவில்லை. ஆலை நின்றதிலிருந்து காதில் ஒரு வெறுமை. பருவம் முடிந்த மாதங்களிலும் பணிமனையில் யாராவது எதையாவது தட்டிக்கொண்டிருப்பார்கள். இப்போது அதுவும் இல்லை.

சரி, யோசி. புதிய பிரதி திருத்தப்பட்டாயிற்று. இனி எந்த வண்டிக்கும் கேடு இல்லை. அந்த மனுஷனுக்கு இன்னும் நாலு வருஷத்தில் ஓய்வு. வகுப்பில் உட்கார்ந்தால் என்ன, செத்தா போவார்? — சீ. என்ன பேச்சு இது. யாருக்கு இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய், இங்கே வேறு யார் இருக்கா?

ஜூலை 3, புதன்

தெருவைக் கடந்தேன். பதினெட்டு அடி, முழங்காலைக் குறை சொல்ல முடியாது. எலாதியோ முன்வாசலில் வெட்டுக்கத்தியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். நாற்காலி இருந்தது. உட்காரச் சொல்லவில்லை.

“எலாதியோ, என் புத்தகத்துல ஒரு தப்பு இருக்கு.”

“ஒண்ணுதானா?”

“பக்கம் நாப்பத்தொண்ணு. எண்ணெய்.”

அரம் நின்றது. “அது எனக்கு எண்பத்தொண்ணுலயே தெரியும். ரெண்டு மேடு ஏறுறதுக்குள்ள கியர்பெட்டி அடுப்பு மாதிரி கொதிச்சுது. ஒரு டின் சேர்த்து ஊத்தினேன், அடங்கிருச்சு.”

“அப்ப ஏன் சொல்லல?”

“யார்கிட்ட? உங்ககிட்டயா?”

அவரே தொடர்ந்தார். “புஸ்தகம் தப்புன்னு ஆறாங்கிளாஸ்காரன் சொன்னா விசாரணை வரும், கூட்டம் வரும். ஓகூனுக்குன்னு சொன்னா சிரிச்சுட்டுப் போயிருவாங்க, வண்டியும் ஓடும். எல்லாரும் சிரிச்சாங்க, இஞ்சினியரம்மா. நீங்க ஒருத்தர்தான் நம்பினீங்க.”

“விசாரணையிலயாவது சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேனே. மேசைக்கு அந்தப் பக்கம் நீங்கதான் உட்கார்ந்திருந்தீங்க. புஸ்தகத்த எடுத்து, விரல் வெச்சு, வரிய வாசிச்சுக் காட்டினீங்க.”

வாசித்தேன். நினைவிருக்கிறது. நல்ல உச்சரிப்போடு வாசித்தேன்.

கேட்கக்கூடாத கேள்வியைத்தான் பிறகு கேட்டேன். “அப்ப ஓகூன் மேல உங்களுக்கு நம்பிக்கையே இல்லையா?”

“ஏன் இல்ல? ஆனா அவருக்குப் பிடிச்சது ரம். கியர் எண்ணெய அவர் எதுக்குக் குடிக்கப்போறாரு?”

மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தேன். முடிக்க விடவில்லை.

“அத வெச்சு நான் என்ன பண்றது? பேப்பர்ல எழுதுங்க. பேப்பர்லதான் போச்சு.”

திரும்பி நடக்கும்போது அரம் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஜூலை 5, வெள்ளி

எழுதினேன். ஒரு பக்கம். பிழை என்னுடையது, கூடுதல் எண்ணெய் விரயமல்ல, தேவை, 1983 அறிக்கை தவறானது, மெக்கானிக் சரியாகச் செய்தார். பெயரடை எதுவும் இல்லை. என் வாழ்நாளில் எழுதிய மிகச் சுருக்கமான ஆவணம் இதுதான்.

ரிகோபெர்தோ படித்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். மின்சாரம் இல்லை, அது சுழலவில்லை.

“புதுப் பிரதியில சரி பண்ணியாச்சுல்ல? இதோட விட்டுருங்களேன்.”

“எலாதியோவ யாரு சரி பண்றது?”

“அவர வேற வழியில பார்க்கலாம்.”

“எந்த வழி? சொல்லுங்க, கேக்கறேன்.”

தாளை என் பக்கமே தள்ளினார். “இதுல கையெழுத்து இருந்தா மாகாணத்துக்கு அனுப்பியாகணும், இஞ்சினியரம்மா. மத்த ஆலைங்கள்ல எரிஞ்சுபோன கியர்பெட்டிங்களப் பத்தி எல்லாம் கேப்பாங்க.”

அதை நான் நினைத்துப் பார்க்காமல் இல்லை. அந்த ஆலைகளில் ஓகூன் இருக்கவில்லை. என் புத்தகம் மட்டும் இருந்தது. பெட்டிகள் எரிந்தபோது சோவியத் இரும்பு மட்டம் என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், சத்தமாக.

அவருடைய இரண்டு பேனாக்களில் ஒன்றை வாங்கிக் கையெழுத்திட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

விழாவுக்குப் போகவில்லை. அழைப்பும் வரவில்லை.

ஆகஸ்டு 2, வெள்ளி

மாகாணத்திலிருந்து இருவர் வந்தார்கள். மூன்று மணி நேரம். மரியாதையாகத்தான் கேட்டார்கள், அது இன்னும் மோசம். கையேட்டின் முகப்பிலிருந்து என் பெயர் நீக்கப்படும். நியாயம். எத்தனை கியர்பெட்டி எரிந்தது என்று கேட்டேன். ஏழு என்றார் இளையவர். மூத்தவர் அவரை முறைத்தார்.

ஏழு.

ஆகஸ்டு 15, வியாழன்

டீசல்கள் இன்று போயின. அகலப் பாதை வரை தாமே ஓடி, அங்கே தட்டை வண்டியில் ஏறும். பாதி ஊர் வேலியோரம் நின்றது. நான் என் சன்னலில் நின்றேன்.

1318-க்கு அருகில், இடமாற்றம் கிடைத்து, புதிய சட்டையில் எலாதியோ. இன்ஜினை ஓடவிட்டு, ஓடுகையிலேயே கம்பியை இழுத்துப் பார்த்து, வேண்டிய அளவு ஊற்றி மூடினார். கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள்:

“யோவ் எலாதியோ! ஓகூனுக்கு இல்லையா?”

“அவரு இப்ப புஸ்தகத்துக்குள்ள ஏறிட்டாருப்பா!”

சிரித்தார்கள். சொல்லும்போது அவர் என் சன்னல் பக்கம் பார்த்ததாக ஒடாலிஸ் சாதிக்கிறாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் பார்க்கவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

எலாதியோவின் மனைவியும் சாமான்களும் லாரியில் போயின. கோழிகளையும் விடவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

மழை. வானொலி. ஒடாலிஸ் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். பகலில் வேலிக்கு மேல் தலை இல்லை.

நவம்பர் 12, செவ்வாய்

தண்டவாளம் பெயர்க்கும் ஆட்கள் என் சன்னல் வரை வந்துவிட்டார்கள். ஆணிகளைப் பிடுங்கி வாளியில் போடுகிறார்கள். வெளியூர்க்காரர்கள். ஒருவர் தண்ணீர் கேட்டு வந்தார்; கொடுத்தேன். குடித்துக்கொண்டே பூட்டிய எதிர் வீட்டைப் பார்த்தார். இத்தனை ஆண்டு அந்த வாசலைப் பார்க்காமல் நடக்கப் பழகியவள் நான். கூடவே நானும் பார்த்தேன்.

“அங்க யாரு இருந்தாங்க?”

“ஒரு மெக்கானிக். நல்லாத் தெரிஞ்சவர்.”

“உங்களுக்கா?”

“இல்ல,” என்றேன். “வேலை தெரிஞ்சவர்.”