நடந்து வந்த கருடப் புறா

மழை தவறாத மலையும் அடுப்பு அணையாத தெருக்களும் உடைய வேலங்குன்ற நாட்டின் பேரரசி, பந்தி முடியுமுன் தாம் உண்ணாத பெருமாட்டி, இளவெயினி தேவியார் திருவாய்மலர்ந்தருளியபடி, அரண்மனை ஓலைநாயகம் கொழுந்தீசர் எழுதுவது. வீடுதோறும் தூதுப்புறா வழங்கும் குழுவின் தலைவர், புறாமாடங்கள் பல உடைய அம்பலக்கூத்தர் காண்க. தங்கள் மனையும் மக்களும் புறாக்களும் நலமே வாழ வாழ்த்துகிறோம். புறாக்கள் நலமாகத்தான் இருக்க வேண்டும். அவை பறந்து களைத்ததாக இந்நாட்டில் எவரும் கண்டதில்லை.

தெற்குத் தெருவில் விருந்துச் சமையல் செய்து பிழைப்பவர் செங்கமலவல்லி. எத்தனை இலை, என்ன பாயசம் என்று ஊரார் புறா வழியே ஓலை அனுப்ப, அதைப் பார்த்து உலை வைப்பது அவர் தொழில். ஆகையால் சிட்டு, பருந்து, கருடன் என்று தாங்கள் வகுத்த மூன்று தரத்தில், உயர்ந்ததான கருடப் புறாவுக்கே அவர் கட்டணம் செலுத்தினார். கருடனின் வேகம் வரை பறந்து ஒரு நாழிகைக்குள் ஓலை வரும் என்பது தாங்கள் கொடுத்த வாக்கு. வந்ததோ, விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகு. வெறும் இலைமுன் விருந்தினரை மூன்று முறை காக்க வைத்த சமையற்காரர் கரண்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டும் என்னும் நம் நாட்டு வழக்கம் தாங்கள் அறியாததல்ல. செங்கமலவல்லிக்கு இரண்டு முறை ஆகிவிட்டது. மூன்றாவதை நினைத்து நினைத்து அவருக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

அவர் முறையிட்டபோது, புறாவைக் கூண்டில் அடைத்து மறுபடி திறந்து விடுமாறு தங்கள் ஆட்கள் சொன்னார்கள். அடைத்தார், திறந்தார். புறா கோபித்துக்கொண்டதே தவிர வேகம் கூடவில்லை. அடுத்து, வீட்டுச் சுவர் தடிமனாக இருக்கிறது என்றார்கள். கடைசியில் ஊர்ச்சபையார் சோதனைக்கே வந்தார்கள். முதல்நாள் பறையறிவிக்காமல் எவர் வீட்டுக்கும் சோதனைக்குப் போவதில்லை என்பது இந்நாட்டு மரியாதை. அந்த மரியாதை தங்களுக்கு நல்ல வசதியாகிவிட்டது. பறையொலி கேட்டதும் மாடத்திலேயே வேகமான புறாவை அவர் வீட்டுக்கு ஒதுக்கினீர்கள். அது வந்து இறங்கிய வேகத்தில் அடுப்புச் சாம்பல் பறந்தது. குறையொன்றுமில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். பொய்க்காரி என்று தெருவே தம்மைப் பார்த்தது செங்கமலவல்லியின் நெஞ்சை அறுத்தது.

விண்ணப்பம் அரசியாரிடம் வந்தது. பறை வேண்டாம் என்றார் அரசியார். நேற்றுக் காலை, நண்பகலுக்கு நாற்பது இலை என்று பெயர் குறியாத ஓலை ஒன்றைத் தங்கள் மாடத்தில் சேர்ப்பித்தார். மணிமுடியைக் கழற்றி வைத்துவிட்டு, பணிமக்களோடு கால்நடையாகவே புறப்பட்டார். வழியில் கரும்புச்சாறு அருந்தினார். வளையல் கடையில் நின்று பேரம் பேசினார். அப்படியும் புறாவுக்கு முன்னே செங்கமலவல்லி வீடு போய்ச் சேர்ந்தார்.

நாற்பது பேர் இலைமுன் உட்கார்ந்ததைக் கண்ட செங்கமலவல்லிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வந்தவர் யாரென்று அறியாமல் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுமாறு அரசியார் கட்டளை:

"உங்க ஓலை எனக்கு வரவே இல்ல தாயே. மூணாவது தடவையும் ஆயிடுச்சு, கரண்டியைக் கவுத்துடறேன். ஆனா பசியோட எழுந்திருக்காதீங்க. இருக்கிறதைப் போட்டுட்டுக் கவுத்துக்கறேன்."

அண்டை வீடுகளில் சோறு வாங்கி, தம் வீட்டு ரசத்தைப் பெருக்கி, அப்பளம் பொரித்துப் போட்டார். பொய்க்காரி என்ற அதே தெரு பானை பானையாகச் சோறு கொடுத்தது. உண்டு முடித்து அரசியார் வெற்றிலை மென்றுகொண்டிருந்தபோது, தங்கள் கருடப் புறா வாசற்படியேறி உள்ளே நடந்து வந்தது. அதன் காலில் பதினாறு ஓலைகள். பதினாறு வீட்டாரும் தனித்தனியே கட்டணம் கட்டுவது இந்த ஒரே புறாவுக்கு என்பது அப்போதுதான் விளங்கியது. அரசியாருக்குச் சிரிப்பில் புரையேறியது. வீங்கியிருந்த அந்தக் காலைத் தடவிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தாம் யாரென்று சொல்லி, கவிழ்த்து வைத்த கரண்டியைத் தம் கையாலேயே நிமிர்த்திக் கொடுத்தார்.

"கருடனின் வேகம் வரை என்றுதான் சொன்னோம், நடையும் அதற்குள் அடங்கும்" எனத் தங்கள் கணக்கர் வாதிட்டதாக அறிந்தோம். அரசியார் அதை மறுக்கவில்லை. ஆகவே ஆணையாவது: இனிச் சோதனைக்குப் பறை இல்லை. கருடக் கட்டணம் கட்டிய வீட்டுக்குத் தனிப் புறா விட வேண்டும். தங்கள் திருமகளுக்கு வரும் வெள்ளிக்கிழமை மணம் என்று கேட்டு அரசியார் பெரிதும் மகிழ்ந்தார். அவ்விருந்தைச் செங்கமலவல்லியே சமைப்பார். இலைக் கணக்கை அன்று காலை தெற்குத் தெருப் புறா வழியாகவே அனுப்புக, ஆள் அனுப்பலாகாது. ஓலை வந்த பிறகே உலை வைக்கப்படும். அதற்குள் தெருவுக்கு வேண்டிய புறாக்களை விட்டிருந்தால் பந்தி வேளையோடு நடக்கும். இல்லையேல் அந்த ஒரே புறாவின் காலில் தங்களது பதினேழாவது ஓலையாகும். சம்பந்திகள் வெறும் இலைமுன் காத்திருக்க நேர்ந்தால், கவிழ்வது கரண்டியன்று, தங்கள் தலைப்பாகை.

அரச முத்திரை இட்டோம். மணமகளுக்கு அரசியார் ஆசி. இவ்வோலை விரைந்து சேர வேண்டியதாகையால் புறாவிடம் கொடுக்கப்படவில்லை. செங்கமலவல்லி நடந்தே கொண்டுவருகிறார். கையில் கரண்டி இருக்கும், அஞ்ச வேண்டாம்.