நாற்பது கிலோ அம்மா

பிப்ரவரி 4
இன்று சோறு வடித்தேன். மூடியிருந்த தட்டு நழுவி, கஞ்சியோடு சோறும் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் போய்விட்டது. பதினோரு வருடமாக ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். திடத்தையும் திரவத்தையும் பிரிப்பது எப்படி என்று கேட்டால் படம் போட்டே காட்டுவேன்.

கட்டிலில் இருந்தபடி அம்மா, "டீச்சரம்மா, என்ன சத்தம்?" என்றாள்.

பிப்ரவரி 6
மூன்று கீமோவில் கட்டி பாதியாகியிருக்கிறது. ஆனால் அம்மா நாற்பது கிலோவுக்குக் கீழே போனால் நான்காவதைத் தள்ளிவைக்க வேண்டுமாம். "தள்ளிப் போறது நல்லதில்லம்மா. எப்படியாவது சாப்பிட வைங்க" என்றார் டாக்டர். இப்போது நாற்பதரை. ஆக, அம்மாவின் உயிர் என் சமையல் கையில். கடவுளுக்குக் கிண்டல் அதிகம்.

பிப்ரவரி 9
மீன் குழம்பு. புளியை ஊற்றியதை மறந்து மறுபடியும் ஊற்றிவிட்டேன். அம்மாவுக்கு வாயெல்லாம் புண். ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். பொய்க்காரி.

பிப்ரவரி 10
தோசை. எழுத விரும்பவில்லை.

பிப்ரவரி 13
எடை மெஷினில் நாற்பத்தொன்றரை! நான் சமையலில் தேறிவிட்டேன் என்று குதித்தேன். அம்மா இறங்கினாள். மடியிலிருந்து பொலபொலவென்று ஆஸ்பத்திரித் தரையெல்லாம் நெல்.

விதைக்கு எடுத்துவைத்த நெல். துணியில் முடிந்து, இரண்டு கிலோ, இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நடவுக்கும் அறுப்புக்கும் போய் என்னைப் படிக்கவைத்தவளுக்கு ஒரு முடிச்சு ஒழுங்காகப் போடத் தெரியாதா? கீமோவில் அவள் விரல்கள் மரத்துப்போயிருப்பது பிறகுதான் தெரிந்தது.

நர்ஸ் அகிலாண்டம் தலையில் அடித்துக்கொண்டார். "எடைய வச்சுத்தாம்மா மருந்து அளவே போடுவோம். உசுரோட விளையாடுறீங்களா?" உண்மையான எடை முப்பத்தொன்பதரை. ஒரு வாரம் தள்ளிவைத்துவிட்டார்கள்.

பூதலூர் பஸ்ஸில் கத்தினேன் — என்னம்மா நெனச்சுக்கிட்டு இருக்கே நீ? செத்துப் போயிருந்தா?

"நீ அடுப்புல கெடந்து வேகுற. எடை கொறஞ்சா ஒனக்குல்ல கெட்ட பேரு" என்றாள். அதற்குமேல் கத்த முடியவில்லை. அழுதேன்.

பிப்ரவரி 15
இந்த அறுவடைப் புது அரிசி. பழைய அரிசிக்கு வைக்கும் தண்ணீரையே வைத்துத் தொலைத்தேன். சோறா அது? பசை. போஸ்டர் ஒட்டலாம்.

கொட்டப் போனேன். அம்மா தடுத்தாள். மோர் விட்டுக் கரைக்கச் சொல்லி ஒரு டம்ளர் குடித்தாள். புண்ணை உறுத்தாமல் இறங்குகிறதாம். வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்தாள். "இன்னொரு டம்ளர் ஊத்து" என்றாள்.

இவளைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. எனக்கு அதில் கால்வாசி இருந்தால் போதும்.

பிப்ரவரி 17
ஒரு நாளைக்கு ஏழு டம்ளர். இப்போது வேண்டுமென்றே பசை காய்ச்சுகிறேன். நேற்று கைத்தவறுதலாகச் சோறு உதிரி உதிரியாக வந்துவிட்டது. திட்டு வாங்கினேன்.

பிப்ரவரி 20
நாற்பதேகால். நர்ஸ் அம்மாவின் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுதிக்கொண்டார்.

நான்காவது கீமோ ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கத்துப் படுக்கையில் ஜெயபாரதி என்று ஒருவர், மயிலாடுதுறைக்காரர். அவருக்கு இதுதான் முதல் தடவை. ஊசியைப் பார்த்ததும் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

அம்மா என்னைக் காட்டி, "இது எம் பொண்ணுங்க. ரெண்டு வாரமா இவ ஆக்குனதத் தின்னுட்டும் உசுரோடதான் இருக்கேன். இந்த மருந்து நம்மள என்ன பண்ணிரும்?" என்றாள்.

ஜெயபாரதி சிரித்துவிட்டார். சிரித்தபடியே நர்ஸிடம் கையை நீட்டினார்.