இசைத்தட்டின் இரண்டாம் பக்கம்

இன்று காலை புத்தளம் செல்லும் பஸ்ஸில் என்னருகே அமர்ந்திருந்த தாயொருத்தி, காய்ச்சல் கண்ட தன் மகளின் நெற்றியில் ஓடிக்கொலோனில் நனைத்த லேஞ்சித் துணியை வைத்தாள். அந்த வாசனை என்னை உன்னிடம் கொண்டுசென்றுவிட்டது. இறங்கவேண்டிய இடத்தையும் தவறவிட்டேன். வெயிலில் திரும்பி நடந்துவந்து இதனை எழுதுகிறேன்.

மாம்புரியில் உன் வீட்டு முன்னறை. சிலாபத்துக் கலியாண வீடுகளில் ட்ரம்பெட் ஊதிய உன் தகப்பனார் உனக்கு விட்டுச்சென்றவை ஒரு கிராமபோனும் ஒரு பெட்டி நிறைய அரக்கு இசைத்தட்டுகளுமே. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆரம்பகால ஜாஸ் இசையும் ரிதம் அண்ட் புளூஸ் பாடல்களும் அவற்றில் இருந்தன. எங்கள் வீட்டில் இசை கேட்பது எல்லோருக்கும் உவப்பானதன்று. ஆகவே நாம் தேடிச் சேர்த்தவை யாவும் உன் அலுமாரியிலேயே குடியிருந்தன.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த பின்னர், சிலாபத்திலும் நீர்கொழும்பிலும் பழைய சாமான் கடைகளில் நாம் செலவிட்ட பகற்பொழுதுகளை எண்ணிப்பார்க்கிறேன். மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு வெளியேற்றப்பட்டு வந்து, ஓலைக் கொட்டிலில் இருந்தபடி, அகராதி ஒன்றின் துணையோடு ஆங்கிலம் கற்றவள் நான். அதனைப் பெருமையாகவே சொல்வேன். தட்டின் நடுவே ஒட்டிய தாளை நான் வாசிப்பேன். நீயோ நடுத்துளையில் விரலை நுழைத்துத் தட்டைத் தூக்கிப்பிடித்து, சந்தையில் பானை வாங்குபவளைப்போல் விளிம்பில் தட்டிப்பார்ப்பாய். கணீரென்றால் நல்லது, அதிர்ந்தால் உள்ளே வெடிப்பு. கடைக்காரர் சிங்களத்தில், "நோனாமார் சட்டியா வாங்க வந்தீங்க?" என்று கேட்பார். "ஓம், பாடுற சட்டி" என்பாய் நீயும் சிங்களத்திலேயே.

அவ்வாறு கிடைத்ததுதான் அந்த நீண்ட பாடல். முதற்பாதி ஒரு பக்கம், மறுபாதி மற்றப் பக்கம். விட்டுவந்த ஊருக்குப் போகும் ரயிலுக்காக ஒரு பெண் காத்துநிற்கிறாள். ரயில் வருகிறது, ட்ரம்பெட் எழுகிறது, பக்கம் முடிந்துவிடுகிறது. மறுபக்கம் முழுதும் பூஞ்சணம் படிந்திருந்தது. நான் உறை தைக்கத் துணி எடுத்துவரச் சென்றிருந்த வேளையில், நீ அதனை ஓடிக்கொலோனால் துடைத்தாய். ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும் என்பதை நாம் இருவரும் அன்றுதான் அறிந்தோம்.

"மணக்குது ராத்தா. ஆனா பாடுதில்ல" என்றாய். அக்காவை எங்கள் வீடுகளில் அழைப்பதுபோல் என்னை ராத்தா என்றே அழைப்பாய்.

கிழிந்த மீன்வலையைப் பொத்திக்கொண்டிருந்த உன் கணவர் தலை நிமிராமலே, "பாட்டுக்காரிக்குக் காய்ச்சல் போல" என்றார்.

அதன்பின் எத்தனையோ ஆண்டுகள் அந்த முதற்பாதியோடு வாழ்ந்தோம். அவள் ரயிலேறி ஊருக்குப் போவாள் என்றாய் நீ. போகமாட்டாள் என்றேன் நான். "குரலைக் கேளுங்க, அவ போறதுக்குத்தான் நிக்கிறா" என்பாய். "சொல்லைக் கேள், போகிறேன் என்று ஓரிடத்திலாவது சொல்கிறாளா?" என்பேன். ஒருநாள் நீ சினந்து, "நீங்க மன்னாருக்குத் திரும்பிப் போகல்ல. அதுக்காக அவளும் போகக்கூடாதா?" என்றாய். என் உறவினர் பலர் திரும்பிச் சென்றிருந்த காலம் அது. நான் தட்டை எடுத்து உறையிலிட்டேன். நீ தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றித் தந்தாயே தவிர, சொன்னதைத் திரும்பப்பெறவில்லை.

அப்பாடலின் வேறொரு பிரதி நீர்கொழும்பில் என் கைக்குக் கிடைத்தபோது, நீ கொழும்பு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தாய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லியே அனுப்பியிருந்தார்கள். உயிர்த்த ஞாயிறு வரை நீளும் உன் தபசுகாலமும் என் நோன்பும் ஒரே நாளில் தொடங்கிய ஆண்டு அது. அக்காலங்களில் நம் இருவருக்கும் பாட்டு இல்லை. கிராமபோனை முடுக்கும் கைப்பிடியைக் கழற்றி மாதா சுரூபத்தின் பின்னால் வைத்துவிடுவாய்.

தட்டைக் கையில் வாங்கினாய். விரலால் தட்டி, காதோடு வைத்துக் கேட்டாய். "வெடிப்பில்ல" என்றாய். உன் கணவர் கைப்பிடியை எடுக்க எழுந்தார்.

"வையுங்க அதை."

"ஆண்டவர் கோவிக்கமாட்டார், புள்ள."

"அவர் கோவிக்கமாட்டார். நான் கோவிப்பன். இவ்வளவு காலமும் இருந்த ஒழுங்கைச் சாகப்போறன் எண்டு மாத்துறதா? உயிர்த்த ஞாயிறு வரட்டும்."

என் நோன்பு முன்னதாக முடிந்தது. பெருநாளன்று வட்டிலப்பம் கொண்டுவந்தேன். ஒரு கரண்டி மட்டும் சுவைத்துவிட்டு, "உங்களுக்குப் பெருநாள்தானே ராத்தா, கிராமபோனோட தட்டைக் கொண்டுபோய்க் கேளுங்க" என்றாய்.

"நீ இல்லாம கேட்டா, நான் சொன்னதுதான் சரியெண்டு நீ நம்பவா போறாய்?" என்றேன்.

"நம்பமாட்டன்தான்" என்று சிரித்தாய்.

உயிர்த்த ஞாயிற்றுக்கு முன்பே உன்னை அடக்கம் செய்தார்கள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து உன் கணவர் எனக்கு ஆளனுப்பினார். அவரே கிராமபோனை முடுக்கினார். இரண்டாம் பக்கத்தை வைத்தேன். முதற்பாதியில் அவள் பாடிய அதே சொற்கள். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. போனாள் என்றுமில்லை, நின்றாள் என்றுமில்லை. பாடல் முடிந்து ஊசி வெறுமனே உராயத் தொடங்கியதும் அவர் கேட்டார்: "இதுக்கா ராத்தா ரெண்டு பேரும் இவ்வளவு சண்டை பிடிச்சீங்க?" இருவரும் சிரித்தோம். பின்னர் அவர் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

தட்டுகளும் கிராமபோனும் இப்போது என் அறையில் இருக்கின்றன. என் வீட்டார் ஒன்றும் சொல்வதில்லை. நான் சொல்ல இடமளிப்பதுமில்லை. அந்த இரண்டாம் பக்கத்தைப் பலமுறை கேட்டுவிட்டேன். சொற்களைப் பிடித்துக்கொண்டு கேட்டவரையில் எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. சொற்களை விட்டுவிட்டுக் கேட்டபோது, கடைசி அடிக்கு முன்னால் அவள் மூச்செடுப்பது கேட்டது. பாரம் ஒன்றைத் தூக்குமுன் நாம் எடுக்கும் மூச்சு அது. தன் பையைக் கையில் எடுத்துவிட்டாள்.

தோற்றேன் என்று எவரிடமும் நான் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும். உன்னிடம் சொல்கிறேன். நான் இங்கேயே இருக்கிறேன். அவள் போகிறாள்.