ஆறு வெள்ளை விரிப்புகள்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பேரன் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்கு மனசுதான் சரியில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். பேரனுக்கு இருமல் நின்றதா? வெந்நீரை ஆறவைத்துக் கொடு, நீ சொன்னால் கேட்கமாட்டான், பாட்டி சொன்னதாகச் சொல்.

உன் அப்பா நில அளவை ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றாரே ஒழிய அளப்பதை விடவில்லை. ஊருக்கு வெளியே ஒரு காலத்தில் விமான மைதானம் இருந்தது, அங்கே விமானம் ஓட்டிக் காட்டுவார்கள் என்று யாரோ சொல்லப்போக, அது எந்த இடம் என்று கண்டுபிடித்துச் சின்னப் புத்தகம் போடப் போகிறாராம். எட்டு மாதமாகச் சாப்பாட்டு மேஜை முழுக்க வரைபடம்தான், தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். முழங்கால் வலியோடு முள்ளுக்காட்டில் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு அலைகிறார், போன வாரம் வழுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தார், கேட்டால் மைதானத்தின் மேற்கு மூலை கிடைத்துவிட்டது என்று சிரிக்கிறார். வயதானவர்களைக் கேட்டால் ஆளாளுக்கு விமானம் தன் வீட்டு வாசலில்தான் இறங்கியது என்கிறார்கள். முடிதிருத்துகிறவர் செங்கல் சூளைக்குப் பின்னால் என்கிறார், ரிட்டயர் ஆன டீச்சர் ரயில் பாதை ஓரம் என்று அடித்துச் சொல்கிறார். அதனால் உன் அப்பா பழைய ஆபீஸ் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார். நேரில் பார்த்த மூன்று பேர் ஒன்றுபோலச் சொன்னால்தான் மையில் எழுதுவார், அதுவரை எல்லாம் பென்சில்.

இப்போது புத்தகத்தில் அந்த மைதானத்தின் கடைசி விமானக் காட்சிக்கு வந்திருக்கிறார். அன்று விமானம் மைதானத்தில் இறங்காமல் பக்கத்து ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தின் வெளித்தரையில் இறங்கி, வாய்க்காலில் சக்கரம் மாட்டிக் கவிழ்ந்தது. ஓட்டியவருக்கு இடுப்பு முறிந்தது, அப்புறம் இங்கே விமானமே வரவில்லை, மைதானமும் புல் மூடிப்போனது. அந்தக் காலத்தில் இறங்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் துணியை ஒரு நீளக்கோடும் தலைமாட்டில் ஒரு குறுக்குக்கோடுமாக விரித்து வைப்பார்கள், மேலிருந்து பார்ப்பவருக்கு அதுதான் அடையாளம். ஆகையால் காட்சி நாளில் சலவைக்கூடத்தில் வெள்ளை எதையும் வெளியே போடக் கூடாது என்று உத்தரவு. அங்கே மேஸ்திரி யார் என்று உனக்குத் தெரியும், உன் தாத்தா, என் அப்பா. மேஸ்திரி உத்தரவை மறந்து விரிப்புகளை வெளியே காயப்போட்டுவிட்டார் என்று டீச்சரும் முடிதிருத்துகிறவரும் சொல்கிறார்கள், இடத்தில் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போய்விட்டார்கள். உன் அப்பா பென்சிலோடு என் எதிரில் வந்து உட்கார்ந்து, “மாமனார்னு பார்த்து மறைக்க முடியாது, ஆனா ரெண்டு பேர் சொன்னது பத்தாது. நீ அங்கதானே இருந்தே, நீதான் மூணாவது ஆள்” என்றார். எனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

பாப்பா, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. என் அப்பா மறக்கவில்லை. காலையிலேயே எல்லாவற்றையும் மடித்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது, கூட்டத்தில் முன்னால் போக யாரும் விடவில்லை, விமானம் ஈ அளவுக்குத்தான் தெரிந்தது. வெள்ளைத் துணி இருக்கிற இடத்துக்கு அது வரும் என்று பெரியவர்கள் பேசியது காதில் விழுந்திருந்தது. சலவைக்கூடத்துக்கு ஓடி, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, நீளத்துக்கு நாலு, குறுக்கே இரண்டு, ஆறு விரிப்புகளை விரித்து மூலைக்கு மூலை கல் வைத்தேன். சூளைப் புகை மைதானத்தை மறைத்திருந்ததாம், ஓட்டியவர் கண்ணில் என் விரிப்புதான் பட்டிருக்கிறது. என்னைத் தேடி வருவது போல நேராக வந்தது, நான் கை தட்டினேன். பிறகு அதிகாரிகள் வந்து கேட்டபோது அப்பா என்னைப் பார்த்து, “பூட்டினேனேம்மா, நீ பார்த்தேல்ல?” என்று கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன். அன்றோடு அவர் தன்னையே நம்புவதை விட்டுவிட்டார். பூட்டிய கதவை இழுத்து இழுத்துப் பார்ப்பாரே, பாதி வழியில் திரும்பி வந்து மறுபடி பார்ப்பாரே, நீகூடப் பூட்டுத் தாத்தா என்று கேலி செய்வாய், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். கண்ணை மூடும் வரை தான்தான் மறந்துவிட்டதாக நம்பினார். கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தவள் நான்தான், வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன், பாவி.

இதைப் போனில் சொல்ல முடியாது, உன் அப்பா பக்கத்திலேயே இருப்பார். அவரிடம் சொல்லவும் பயமாக இருக்கிறது. நாற்பத்தாறு வருடம் கூட இருந்தவள் இப்படியா என்று நினைத்துவிட்டால்? இரண்டு தடவை மேஜை வரை போய், வரைபடத்தில் தூசியைத் துடைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அடுத்த மாதம் அச்சுக்குக் கொடுக்கிறார், இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாளாகும், தபாலில் போட்டுவிட்டால் நான் பின்வாங்க முடியாது, அதற்காகத்தான் உனக்கு எழுதுகிறேன். கிடைத்த அன்றே போன் பண்ணு, என்னைக் கேட்காதே, அப்பாவைக் கூப்பிட்டுத் தாத்தா மறக்கவில்லையாமே என்று கேள். அதற்குள் நான் சொல்லியிருந்தால் ஆமாம் என்பார். இல்லையென்றால் நீ சொல்லிவிடு.

நீங்கள் மூவரும் நல்லபடியாக, நீண்ட ஆயுசோடு இருக்க என் ஆசீர்வாதம். நேரத்துக்குச் சாப்பிடு. போன் பண்ண மறந்துவிடாதே, அம்மா பாவம் என்று விட்டும் விடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா