தக்கிலுமா என்று தேடிப் பார்

புனே, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்பிகாவுக்கு,

உன் புருஷன் நான் இங்கே ராஜா மாதிரி இருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா? பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா?

கம்பெனிப் போட்டியைச் சொன்னேனே. ‘தக்கிலுமா’ என்று அர்த்தமே இல்லாத ஒரு சொல்லைக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் நெட்டில் அதைத் தேடினால் யார் எழுதிய பக்கம் முதலில் வருகிறதோ, அவருக்கு வேலை நிரந்தரம். மற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். எட்டாவது படித்த என்னிடம் மானேஜரே வந்து யோசனை கேட்கிறார், தெரியுமா!

என் போனில் நான்தான் முதலில் வந்தேன். அதை நம்பித்தான், ஜெயித்துவிட்டேன் என்று நம்மூர்க் காரிமங்கலம் சந்தை வரைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். நேற்று, கூட வேலை செய்யும் அரூர் ஜெயபால் சிரிக்கிறான்: “அண்ணே, நீங்க தெனம் பாக்கறதத்தான் உங்க போனு முன்னால காட்டும். என் போன்ல பாருங்க, ஒம்பதாவது பக்கத்துல கெடக்கறீங்க!”

சின்ன விஷயம்தான், பயப்படாதே. ஆனால் மூன்று நாள்தான் இருக்கிறது. கைவசம் வேறு வழி எதுவும் இல்லை.

கொஞ்சம் புளியும் கேழ்வரகு மாவும் அனுப்பு. இல்லை, வெள்ளிக்கிழமை வரை பொறு.

இன்னொன்று. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இல்லாததால், அது நம் வூட்டில் நீ வைக்கும் ஒரு குழம்பின் பேர் என்று எழுதிவிட்டேன். நீ களி கிண்டும்போது என்னைத் திட்டுவதுகூட அதில் இருக்கிறது. இதுவரை அதை ஒருவரும் முழுசாகப் படிக்கவில்லை. ஒன்பதாவது பக்கம் வரை தள்ளிப் போய், நீயாவது படி.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது.

உன்,
மாது