டோன் குமிழ்

3-2-1946, ஞாயிறு

மச்சான் சோலையின் ரேடியோ கடையில் பாதி நாள் போயிற்று. கலைந்துபோன பட்டாள முகாமில் ஏலம் எடுத்த என் ஹவாய் மின்சாரக் கிடாரின் வயிற்றைத் திறந்து, சத்தத்தின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கத் திருகும் டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் கன்டென்சரை மாற்றிக் கொடுத்தார். அந்தச் சின்ன உருளைதான் கீச்சுச் சத்தத்தையெல்லாம் குடித்துவிடுகிறதாம். பெரிதாக இருந்தால் அதிகம் குடிக்கும், சிறிதாக இருந்தால் கொஞ்சம்.

"சின்னதாப் போடுங்க மச்சான். சத்தம் கம்பளிக்குள்ள இருந்து வாரது மாதிரி இருக்கு."

"சரிங்க மாப்ள."

அவ்வளவுதான் பேச்சு. பெண்டாட்டியின் அண்ணனாகப் பிறந்தவர் வேறென்ன சொல்வார்?

நாடகக் கான்ட்ராக்டர் ராஜாராமன் பங்குனியில் தஞ்சாவூர்ப் பக்கம் கிளம்புகிறார். கிடார் பிடித்துப்போனால் என்னையும் கம்பெனியில் நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். மில்லின் தறிக்கூடத்தை விட்டு வெளியே வர எனக்கு வேறு வாசல் கிடையாது.

7-2-1946

ஒத்திகை. ஆர்மோனியக்கார உக்கிரபாண்டி, "அண்ணே, காது கிழியுதுண்ணே" என்றான். தன் பெட்டியின் சத்தம் எடுபடாமல் போய்விடும் என்ற பயம் அவனுக்கு. பொறாமைக்கு ஏது மருந்து.

12-2-1946

மறுபடியும் மங்கலாக இருக்கிறது. மச்சானிடம் போனேன். இன்னும் சின்ன கன்டென்சர் கேட்டேன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஈயம் பற்றவைக்கும் இரும்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

13-2-1946

மில். நூல் தூசி. எழுத ஒன்றுமில்லை.

19-2-1946

இந்தத் தடவை சரி! வேலையை முடித்து மச்சான் கிடாரை நீட்டினார். ஆம்ப்ளிபயரில் மாட்டி, குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். கடைசிப் புள்ளிக்குச் சற்று முன்னால் சத்தம் பளிச்சென்று தெளிந்தது.

"பாத்தீங்களா மச்சான், இப்பத்தான் இது கிடாரு."

தரையைப் பார்த்துக்கொண்டு "ஆமாங்க மாப்ள" என்றார். செய்த வேலைக்குப் பெருமைப்படக்கூடத் தெரியாத மனுஷன்.

24-2-1946, ஞாயிறு

கான்ட்ராக்டர் கேட்க வந்தார். மகனைப் பறிகொடுத்த ராணி பேசாமல் உட்கார்ந்திருக்கும் கட்டம். அங்கே வசனமும் இல்லை, பாட்டும் இல்லை. கிடார் மட்டும்தான் அழவேண்டும். நான் பாதி வாசிப்பதற்குள் கையை உயர்த்திவிட்டார்.

"என்ன ஓய், தாயை அழ வைக்கச் சொன்னா தகரத்தைச் சுரண்டறீர்? அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணும். இல்லேன்னா எனக்கு ஆர்மோனியமே போறும்."

தகரமா? எனக்குக் கேட்டது தகரம் இல்லையே. இன்னும் கொஞ்சம் கூர்மை இருந்தா நல்லாருக்கும்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். யாருக்குக் காது கெட்டுப்போச்சு, அவருக்கா? இல்ல, எல்லாரும் கூடிப் பேசி வச்சுக்கிட்டாகளா?

இரவு சாப்பிடவில்லை.

26-2-1946

மச்சான் மேலூரில் ஒரு கல்யாணத்துக்கு மைக்செட் கட்டப் போயிருக்கிறார். என்னால் காத்திருக்க முடியவில்லை. நானே ஸ்குரூக்களைக் கழற்றினேன்.

டோன் குமிழுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. கன்டென்சர் இல்லை, கம்பியும் இல்லை. குமிழ் எதோடும் சேராமல் சும்மா சுற்றுகிறது. தந்திக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருளிலிருந்து வரும் சத்தம் துளிகூடக் குறையாமல் நேராக வெளியே போகிறது. இதற்கு மேல் கூர்மையாக்க வழியே கிடையாது.

அப்படியானால் அன்றைக்குப் பளிச்சென்று கேட்டது என்ன?

முற்றத்து வேம்பில் ஒரு அணில். வாலை வெட்டி வெட்டி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த என் பெண்டாட்டி மாயக்காளிடம், "அந்த அணில் கத்துதா?" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"காலையில இருந்து கத்தி உசுர வாங்குது. ஏன் கேக்குறீக?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். தறிச் சத்தம் காதுக்குப் பழகிப்போச்சுன்னு இத்தன வருசமாப் பெருமை பேசுனேனே. எங்க பழகுச்சு? தின்னுல்ல போட்ருக்கு.

27-2-1946

மச்சான் திரும்பியதும் கடைக்குப் போனேன். குமிழைப் பிடுங்கி அவர் மேசையில் வைத்தேன். பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"எப்ப இருந்து தெரியும்?"

"பொங்கலுக்கு முந்தியே சந்தேகம் மாப்ள."

"சொல்ல வேண்டியதுதானே?"

"தங்கச்சியக் கட்டிக் குடுத்த எடம். உங்களுக்குக் காது மந்தம்னு நான் எந்த வாயால சொல்ல? கேட்டதக் குடுத்தாப் போதும்னு சின்னதா மாத்திக்கிட்டே வந்தேன். கடைசியில மாத்த ஒண்ணுமில்ல. கம்பிய எடுத்துவிட்டேன்."

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மரியாதை கொடுத்துக் கொடுத்தே என்னைக் கான்ட்ராக்டர் முன்னால் கேலிப்பொருளாக்கிவிட்டார். ஆனால் அவர் ஒரு வார்த்தை மாறிச் சொல்லியிருந்தால் அந்தக் கடைப் படியை நான் திரும்ப மிதித்திருப்பேனா? கல்யாணத்தில் எனக்குச் சந்தனம் பிந்தி வந்ததென்று ஒரு வருஷம் அந்த வீட்டோடு பேசாமல் இருந்தவன் நான்.

28-2-1946

பழைய பெரிய கன்டென்சரையே மாட்டச் சொன்னேன். அழுகைக் கட்டத்தை நான் வாசிக்க, மச்சான் கண்ணை மூடிக்கொண்டு குமிழைத் திருப்பினார். எனக்கு எல்லா இடமும் ஒன்றுதான். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது.

"இங்கதான் மாப்ள."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

குமிழைக் கழற்றிவிட்டு, அச்சு அசையாதபடி அதே இடத்தில் ஈயம் வைக்கச் சொன்னேன். தயங்கினார். பின்னால் மாற்ற வேண்டியிருந்தால் என்ன செய்வது என்றார். மாற்ற வேண்டாம், என் கை சும்மா இருக்காது என்றேன். ஈயம் உருகி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பயமாக இருந்தது.

3-3-1946, ஞாயிறு

கான்ட்ராக்டர் கேட்டார். மேல் ஸ்தாயியில் பாதி கேட்டும் பாதி ஊகித்தும் வாசித்தேன். கண் முழுக்க உக்கிரபாண்டியின் முகத்தில்தான் இருந்தது. அவன் முகம் சுளிக்கவில்லை.

"பங்குனிக்குப் பெட்டியைக் கட்டும்" என்றார் கான்ட்ராக்டர் என்னிடம்.

வெளியே மச்சான் நின்றுகொண்டிருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு மாப்ள. ஆனா அந்தக் கடைசி எடுப்புல சுதி லேசா எறங்கிப்போச்சு."

எந்த இடம் என்றேன். நடுத்தெருவில் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பாடிக் காட்டினார். மனுஷனுக்குப் பாட்டு சுத்தமாக வராது. இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.